உங்கள் தொகுதியின் தேர்தல் வரலாற்றை ஒரே அட்டவணையில் கொண்டுவருவது எப்படி? (ஆர்.கே. நகரை வைத்து ஒரு செய்முறை)

எல்லாம் ஒரு டீக்கடை வாக்குவாதத்தில் ஆரம்பித்தது. சென்னை ஆர்.கே. நகரில் 2021-இல் திமுகவின் ஜே.ஜே. எபினேசர் ஜெயித்தாரே, அதற்கு முன் அங்கே உதயசூரியன் கடைசியாக எப்போது ஜெயித்தது? ஆளுக்கு ஒரு வருடம் சொன்னார்கள். சரி, நாமே ஒரு அட்டவணை போட்டுவிடுவோம் என்று உட்கார்ந்தேன், ஒரு சாயங்கால வேலை என்று நினைத்தது மூன்று ஞாயிற்றுக்கிழமைகளைத் தின்றுவிட்டது. உங்களுக்கு அவ்வளவு நேரம் ஆகக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதல் படி, கோப்புகளை இறக்குவது. தேர்தல் ஆணையத்தின் தளத்தில் ஒவ்வொரு சட்டமன்றத் தேர்தலுக்கும் புள்ளிவிவர அறிக்கை இருக்கிறது. ஆர்.கே. நகர் தொகுதி 1977-இல்தான் வந்தது, அதனால் 1977, 80, 84, 89, 91, 96, 2001, 2006, 2011, 2016, 2021 என்று பதினொரு கோப்புகள் போதும். பி.டி.எஃப்.பில் இருக்கும் அட்டவணையைப் பிரித்தெடுக்க டாபுலா என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. எக்செல்லில் நேரடியாக ஒட்டினால் பெயர் ஒரு கட்டத்திலும் இனிஷியல் அடுத்த கட்டத்திலும் போய் விழும், அந்தப் பாவம் வேண்டாம். அசோகா பல்கலைக்கழகத்தின் திரிவேதி மையம் நடத்தும் லோக் டாபா என்ற தளத்தில் ரெடிமேடாகவே தரவு கிடைக்கும். ஆனாலும் முதல் முறை கையால் செய்து பாருங்கள், அப்போதுதான் எங்கே தப்பு வரும் என்று தெரியும்.

தேடும்போது ஆர்.கே. நகர் என்று அடித்தால் ஒன்றும் வராது. அறிக்கைகளில் இருப்பது டாக்டர் ராதாகிருஷ்ணன் நகர். அதுவும் டாக்டருக்குப் பின்னால் ஒரு கோப்பில் இடைவெளி இருக்கும், இன்னொன்றில் இருக்காது. ராதாகிருஷ்ணன் என்று மட்டும் தேடுங்கள்.

இரண்டாவது படியில்தான் நான் குப்புற விழுந்தேன். பெயரில் இவ்வளவு தொல்லை இருக்கிறதே, தொகுதி எண்ணை வைத்து வடிகட்டினால் சுத்தமாக வந்துவிடும் என்று நினைத்தேன். ஆர்.கே. நகரின் எண் 11. எல்லாக் கோப்பிலும் 11-ஐ எடுத்து வரிசையாக அடுக்கி, அழகாக வண்ணமெல்லாம் அடித்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். பத்து நிமிடத்தில் தண்டையார்பேட்டைச் சித்தப்பா போன் பண்ணினார். "ஏன்டா, கலைஞர் எப்படா நம்ம ஏரியாவுல நின்னாரு? அவர் நின்னது சேப்பாக்கம்டா!"

திறந்து பார்த்தால் 1996, 2001, 2006 மூன்றிலும் வெற்றி பெற்றவர் மு. கருணாநிதி என்று என் அட்டவணை சொல்கிறது. நடந்தது இதுதான். 2008-இல் தொகுதி மறுவரையறை ஆணை வந்தது. அதுவரை தமிழ்நாட்டுத் தொகுதிகளின் எண் வரிசை சென்னையிலிருந்து தொடங்கியது: ராயபுரம் 1, துறைமுகம் 2, ஆர்.கே. நகர் 3, இப்படிப் போய்ச் சேப்பாக்கம் 11. புதிய வரிசை கும்மிடிப்பூண்டியில் தொடங்குகிறது. ஆர்.கே. நகரின் பழைய எண் 3 இப்போது திருத்தணிக்கு, சேப்பாக்கத்தின் பழைய எண் 11 இப்போது ஆர்.கே. நகருக்கு. ஆக, 2006 வரை எண் 3, 2011 முதல் எண் 11. எண் மட்டும் மாறவில்லை, எல்லைகளும் மாறின. சென்னையின் 14 தொகுதிகள் 16 ஆனது அப்போதுதான். அதனால் 2006-க்கும் 2011-க்கும் நடுவில் ஒரு தடித்த கோடு போடுங்கள். அந்தக் கோட்டைத் தாண்டி வாக்குகளைக் கூட்டிக் கழித்து "செல்வாக்கு ஏறியது, இறங்கியது" என்று பேசாதீர்கள், இரண்டும் வேறு வேறு நிலப்பரப்பு.

மூன்றாவது, இடைத்தேர்தல்கள். பொதுத்தேர்தல் அறிக்கையில் இவை வராது, தனியாகத் தேட வேண்டும். ஆர்.கே. நகருக்கு இது இல்லாவிட்டால் கதையே இல்லை. 2011-இல் வென்ற பி. வெற்றிவேல் 2015-இல் பதவி விலக, அந்த ஜூன் இடைத்தேர்தலில் ஜெயலலிதா 1,50,722 வாக்கு வித்தியாசத்தில் ஜெயித்தார். அடுத்த வருடப் பொதுத்தேர்தலில் அவருடைய வித்தியாசம் 39,545. முதல் வரி இல்லாமல் இரண்டாவதை மட்டும் பார்ப்பவருக்கு ஒன்றும் தோன்றாது. இரண்டையும் பக்கத்தில் வைத்தால்தான், முக்கியக் கட்சிகள் ஒதுங்கிக்கொண்டு இந்தியக் கம்யூனிஸ்ட் வேட்பாளரே முக்கிய எதிராளியாக நின்ற தேர்தலுக்கும் திமுக களத்தில் இருந்த தேர்தலுக்கும் உள்ள தூரம் புரியும்.

ஜெயலலிதா மறைவால் இடைத்தேர்தல் வந்த 2017-க்கு இரண்டு வரிகள் போடுங்கள். ஏப்ரல் 12 அன்று நடக்க வேண்டிய வாக்குப்பதிவு, பணப் பட்டுவாடா புகாரில் மூன்று நாள் முன்பு ரத்தானது. அந்த வரியில் வெற்றியாளர் கட்டம் காலியாக இருக்கட்டும், வரியை மட்டும் அழிக்காதீர்கள். ஏப்ரலில் அதிமுகவின் இரண்டு அணிகளில் டி.டி.வி. தினகரனுக்குத் தொப்பிச் சின்னம், மதுசூதனனுக்கு மின்கம்பம். டிசம்பரில் தினகரன் சுயேச்சையாகக் குக்கர் சின்னத்தில் நின்று 89,013 வாக்குகள் வாங்கினார், இரட்டை இலையோடு வந்த மதுசூதனனுக்கு 48,306. 1991-இல் இதே தொகுதியில் ஜெயித்த அதே மதுசூதனன்தான். திமுகவுக்கு டெபாசிட் போனது. நோட்டாவுக்கும் ஒரு வரி கொடுங்கள், அந்தத் தேர்தலில் நோட்டா பாஜகவை முந்தியது.

நான்காவது, கட்சி. ஆள் பெயரை வைத்துக் கட்சியைத் தானாக நிரப்பும் சூத்திரம் எழுதாதீர்கள். நான் எழுதினேன், பி.கே. சேகர்பாபு 2001-இலேயே திமுக ஆகிவிட்டார். 2001, 2006 இரண்டிலும் அவர் இங்கே அதிமுகவில் ஜெயித்தவர், 2011-இல் திமுகவில் நின்று தோற்றவர். இன்னொன்று, அதிமுகவின் சுருக்கமே பழைய அறிக்கைகளில் ஏ.டி.கே., பிந்தையவற்றில் ஏ.டி.எம்.கே. 1989-இல் ஜெ. (ஜெயலலிதா) அணி, ஜா. (ஜானகி) அணி என்று இரண்டாக இருக்கும். அவற்றை ஒன்றாக்காதீர்கள், சேவல் சின்னமும் இரட்டைப் புறா சின்னமும் தனித்தனியாக நின்ற தேர்தல் அது.

கூட்டணிக்கும் அட்டவணையில் ஒரு பத்தி (நெடுவரிசை) வேண்டும். ஆர்.கே. நகரில் 1980, 1984 இரண்டிலும் காங்கிரஸ்தான் ஜெயித்தது. கட்சிப் பத்தியை மட்டும் பார்த்தால் காங்கிரஸ் கோட்டை என்று தோன்றும். ஆனால் 80-இல் திமுகவோடு கூட்டணி, 84-இல் அதிமுகவோடு.

டீக்கடைக் கேள்விக்குப் பதில் 1996. ஜெயித்தவர் சற்குண பாண்டியன் அம்மையார், 1989-க்குப் பிறகு இரண்டாவது முறை. 2016-இல் ஜெயலலிதாவை எதிர்த்து நின்ற சிம்லா முத்துச்சோழன் அவருடைய மருமகள் என்பதை அட்டவணை போட்ட பிறகுதான் கவனித்தேன், 'குறிப்பு' என்று கடைசியில் ஒரு பத்தி வைத்தது இதற்குத்தான்.

பிற்சேர்க்கை: சேப்பாக்கம்-திருவல்லிக்கேணிக்கு இது சரிவரவில்லை என்று ஒருவர் கேட்டிருந்தார். அங்கே 2011-க்கு முன்னால் இரண்டு தனித் தொகுதிகள். 2006-இல் சேப்பாக்கத்தில் கருணாநிதி, திருவல்லிக்கேணியில் அதிமுகவின் பதர் சயீத். எனவே கோட்டுக்கு மேலே ஒவ்வொரு வருடத்துக்கும் இரண்டு வரிகள் போடுங்கள். பூங்கா நகர், புரசைவாக்கம்காரர்களுக்கு 2006-ஓடு அட்டவணை முடிந்துவிடும், அந்தப் பெயர்களில் அதன்பின் தொகுதியே கிடையாது.