போட்டோஷாப்பில் எரியும் எழுத்து

கறுப்புப் பின்னணியில் தடித்த வெள்ளை எழுத்தில் பெயரை டைப் செய்யுங்கள். தமிழ் என்றால் நல்ல தடிமனான ஃபாண்ட்தான் சரி. மெலிந்த எழுத்தில் சுழிகளும் புள்ளிகளும் தீயில் காணாமல் போய்விடும். மேலே தீ படரக் கொஞ்சம் இடமும் விடுங்கள்.

இந்த நிலையில் இமேஜ் மெனுவில் டூப்ளிகேட் கொடுத்து ஒரு நகல் எடுத்து வையுங்கள். கடைசியில் தேவைப்படும்.

இனி இமேஜ் மெனுவின் மோடை (படத்தின் நிற வகை) கிரேஸ்கேலுக்கு, அதாவது கறுப்பு-வெள்ளைச் சாயல்களுக்கு மாற்றி, லேயர்களை (அடுக்குகளை) ஃப்ளாட்டன் செய்து ஒன்றாக்குங்கள். அடுத்து விண்ட் ஃபில்டர், காற்றடித்தது போல் கீற்றுகளை இழுத்துவிடுவது. இது பக்கவாட்டில் மட்டுமே வீசும். அதனால் படத்தை இடஞ்சுழியாக 90 டிகிரி திருப்பி, 'ஃப்ரம் த ரைட்' என்று வைத்து, அதே ஃபில்டரை இரண்டு மூன்று முறை கொடுங்கள். படத்தை நிமிர்த்தினால் எழுத்தின் தலையிலிருந்து வெள்ளைக் கீற்றுகள் மேலெழுந்து நிற்கும். லேசாக காஸியன் ப்ளர் கொடுத்து மங்கலாக்கி, படத்தை வளைத்து நெளிக்கும் லிக்விஃபை ஃபில்டரில் கீற்றுகளை இப்படியும் அப்படியுமாக நெளித்து விடுங்கள். ஒரே மாதிரி நெளித்தால் தீ போலவே இருக்காது. சில நாக்குகள் உயரமாக, சில குட்டையாக இருக்கட்டும்.

அப்புறம் மோடை இண்டெக்ஸ்டு கலராக்கி (ஒரு நிறப் பட்டியலில் உள்ள நிறங்களை மட்டும் பயன்படுத்தும் மோடு), அந்தப் பட்டியலான கலர் டேபிளில் 'பிளாக் பாடி'யைத் தேர்ந்தெடுங்கள். கறுப்பு, சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், வெள்ளை என்று சூடேறும் இரும்பின் நிறங்கள் அப்படியே வந்து உட்காரும். எனக்கு மிகவும் பிடித்த கட்டம் இதுதான். மறக்காமல் வழக்கமான வண்ண மோடான ஆர்ஜிபிக்குத் திரும்புங்கள்.

எழுத்து மங்கலாகத் தெரிந்தால், நகலில் இருக்கும் எழுத்து லேயரை ஷிஃப்ட் அழுத்தியபடி இழுத்து இங்கே விடுங்கள், அதே இடத்தில் பொருந்தும். நிறத்தைக் கறுப்பாக்கினால் தீக்கு நடுவே எழுத்து பளிச்சென்று தெரியும்.