பொப்பி வளராத ஊரில் பூவரசு: கதியால் நடுவது முதல் பூக்குத்துவது வரை

நவம்பர் 11 நெருங்கினால் இங்கிலாந்தில் பலர் போரில் இறந்த வீரரை நினைத்துச் சட்டையில் சிவப்புப் பொப்பிப் பூ குத்திக்கொள்வார்கள். முதல் உலகப் போரில் குண்டுகள் கிளறிப்போட்ட பெல்ஜிய, பிரெஞ்சு மண்ணில் அந்தப் பூ செழித்து முளைத்தது. மண் கிளறப்பட்டால்தான் அதன் விதை நன்றாக எழும்பும். குளிரும் வேண்டும் என்பதால் யாழ்ப்பாணத்து வெயிலுக்கு அது சரிவராது. எங்களுக்கு நவம்பரில் கார்த்திகைப்பூ இருக்கிறது, அது தனிக்கதை. ஆனால் இலங்கையில் பொப்பிக்கு நேரெதிராகவே ஒரு பூ நிறுத்தப்பட்டது. அது வேலியில் நிற்கும் பூவரசம்பூ.

பிரித்தானியர் ஆட்சியில் இங்கேயும் அந்த நாளில் பொப்பி விற்றார்கள். அந்தப் பணம் பிரித்தானியப் படைவீரருக்குப் போக, அதே போருக்குப் போய்வந்த இலங்கையர் கவனிப்பாரின்றிக் கிடந்தார்கள். அவர்களில் ஒருவரான ஏலியன் பெரேரா, அதே நாளில் போட்டியாகப் பூவரசம்பூ விற்கத் தொடங்கினார். 1933இல் இடதுசாரி இளைஞர்கள் அதைக் கையிலெடுத்தார்கள். பூவரசம்பூவின் சிங்களப் பெயரால் அது சூரியமல் இயக்கம் ஆனது. அதற்குத் தலைவியானவர் டொரீன் யங் என்ற ஆங்கிலேயப் பெண் என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. 1934–35 மலேரியாவின்போது இந்த இயக்கத்தார் கிராமங்களுக்குப் போய் நிவாரண வேலை செய்தார்கள்.

சரி, நடுவோம்.

கதியால் தெரிவு

கதியால் என்பது வேலிக்கு நட்டுத் துளிர்க்கவைக்கும் தடி. விதை வேண்டாம், தடிதான் சுகம். முற்றிய, நேரான கிளையாக, மணிக்கட்டு மொத்தத்தில் ஐந்தாறு அடி நீளத்துக்கு வெட்டுங்கள். பச்சைத் தளிர்த் தடி அழுகிவிடும். அடியைச் சரிவாக வெட்டினால் மண்ணில் இறங்க இலகு. தலைப்பகுதி வெடித்துப் பிளக்காமல் இருக்கக் கத்தி கூராக இருக்க வேண்டும். வெட்டிய தலையில் சாணம் அப்பிவிட்டால் காயாது. எது அடி, எது தலை என்று மறந்துவிடாதீர்கள். தலைகீழாக நட்டால் பிழைப்பது அரிது.

நடுகை

ஐப்பசியில் முதல் மழை விழுந்து மண் இளகியதும் நட்டால் மாரி முழுவதும் தண்ணீர்ச் செலவு இல்லை. அலவாங்கால் (கடப்பாரையால்) ஒன்றரை அடி ஆழத்துக்குத் துளை போடுங்கள். தடியையே அடித்து இறக்க வேண்டாம், பட்டை உரிந்துபோகும். வேர் விடுவது அந்தப் பட்டை ஓரத்தில்தான். யாழ்ப்பாணத்தின் வலிகாமம் பக்கச் செம்மண்ணில் சில இடங்களில் சீக்கிரமே சுண்ணாம்புக்கல் இடிக்கும். அங்கே கொஞ்சம் தள்ளித் துளையுங்கள். வேலிக்கென்றால் ஒன்றரை அடிக்கு ஒன்று போதும். துளையை மண்ணால் நிரப்பிக் காலால் இறுக மிதியுங்கள். தடி ஆடினால் புதுவேர் அறுந்துவிடும். கிடுகு (பின்னிய தென்னோலை) கட்டுவதைத் துளிர் நன்றாக விட்ட பிறகு பார்த்துக்கொள்ளலாம். உப்புத்தன்மையைத் தாங்கும் மரம் என்பதால் கடற்கரைப் பக்கத்தாரும் துணிந்து நடலாம்.

குழையா, பூவா?

பலர் வேலிப் பூவரசில் பூவையே கண்டிருக்கமாட்டார்கள். ஆட்டுக்கும், தோட்டத்து மண்ணில் பசளையாகத் தாழ்க்கவும் (புதைக்கவும்) என்று குழையை, அதாவது இலைக்கொப்பை, ஓயாமல் வெட்டினால் அது எப்படிப் பூக்கும்? குழை தாழ்த்த மண்ணில் புகையிலையும் வெங்காயமும் எப்படி வந்தன என்று பழைய தோட்டக்காரரைக் கேளுங்கள், அரை நாள் சொல்வார்கள். அதனால் வேலியை வெட்டுங்கள், மூலையில் ஒன்றை மட்டும் மரமாக விடுங்கள். வைரம் பாய்ந்த பூவரசு மரம் தளபாடத்துக்கும் உதவும். பசிபிக் தீவுகளில் இதைக் கோயிலடியில் புனித மரமாக வளர்த்தார்கள், அதில் பாத்திரமும் கடைந்தார்கள்.

பீப்பீ

இளசும் முற்றலும் இல்லாத இலை எடுத்து, காம்பை நீக்கி, ஒரு ஓரத்திலிருந்து இறுக்கமாகச் சுருட்டுங்கள். ஒரு பக்கம் ஒடுங்கி, மறுபக்கம் விரிய வேண்டும். ஒடுங்கிய நுனியைப் பல்லால் மெதுவாக நசுக்கி ஊதுங்கள். சத்தம் வராவிட்டால் சுருட்டல் தளர்வு என்று அர்த்தம்.

பூக்குத்துதல்

காலையில் மஞ்சளாக, நடுவில் கருஞ்சிவப்புப் பொட்டோடு விரியும் பூ, மாலைக்குள் செம்மையேறிச் சுருங்கிவிடும். ஆகவே காலையிலேயே காம்போடு பறித்து, ஊசியைப் பூவின் அடிக் கிண்ணத்தில் ஏற்றிச் சட்டையில் குத்துங்கள். இதழில் குத்தினால் கிழியும். பிஞ்சுக்காயைக் கிள்ளினால் மஞ்சள் பால் வரும், வெள்ளைச் சட்டைக்காரர் கவனம். அந்தக் காயைக் காம்பில் பிடித்துச் சுழற்றிவிட்டால் பம்பரம், பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கவே தேவையில்லை.

காய் விழும் காலத்தில் மரத்தடியில் சிவப்புப் பூச்சிகள் கூட்டமாக மொய்க்கும். மரத்துக்குப் பெரிய கெடுதல் இல்லை. ஆனால் பக்கத்தில் வெண்டியோ பருத்தியோ நின்றால் பூச்சி அதற்கும் தாவும் என்பதால் விழுந்த காய்களைக் கூட்டி அள்ளிவிடுங்கள்.