கார் சீட்டோடு தினமும் மல்லுக்கட்டுகிறீர்களா? முதலில் இதையெல்லாம் பாருங்கள்

கிளம்ப வேண்டிய நேரம் தாண்டிப் பத்து நிமிடம் ஆகிவிட்டது. குழந்தை வில்லாக வளைந்து அலறுகிறது, பக்கிள் அதன் தொடைக்கு அடியில் எங்கேயோ போய் மாட்டிக்கொண்டது, தோள் பெல்ட்டை இழுத்தால் அசைய மாட்டேன் என்கிறது, நீங்கள் பாதி உடம்பு காருக்குள்ளும் பாதி வெளியிலுமாகக் குனிந்து நிற்கிறீர்கள். இந்த நேரத்தில் நம் கை தானாகச் செய்வது ஒன்றுதான்: பெல்ட்டைக் கொஞ்சம் தளர்த்திவிட்டு, "சரி, பக்கத்துலதானே போறோம்" என்று கதவைச் சாத்துவது. அதை மட்டும் செய்யாதீர்கள். குழந்தைக்கான கார் சீட்டில் வரும் தொல்லைகளில் பெரும்பாலானவற்றுக்குக் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்கக்கூடிய ஒரு காரணம் இருக்கும். அது பெரும்பாலும் நாம் பார்க்காத இடத்தில், சீட்டின் முதுகுப்பக்கத்திலோ அடியிலோ இருக்கும். குழந்தை இல்லாத நேரத்தில், அவசரம் இல்லாத நேரத்தில் அரை மணி நேரம் ஒதுக்கி ஒரு தடவை பார்த்து வைத்துவிட்டால் போதும்.

பெல்ட் இறுகவில்லை என்பதிலிருந்து தொடங்கலாம், அதிகம் பேர் தடுமாறுவது இங்கேதான். முன்னால் தொங்கும் பட்டையை நீங்கள் என்ன பலம் கொண்டு இழுத்தாலும் குழந்தையின் இடுப்பில் தேங்கி நிற்கும் தொய்வு மேலே வராது. முதலில் குழந்தையின் பின்புறம் சீட்டின் மூலையில் முழுதாகப் படிந்திருக்கிறதா பாருங்கள். பக்கிளைப் பூட்டுங்கள். பிறகு தொடைக்குப் பக்கத்தில் பெல்ட்டைப் பிடித்து மேல்நோக்கி, தோளை நோக்கி இழுங்கள், அடுத்த பக்கமும் அதேபோல. இப்போது தொய்வு முழுக்க நெஞ்சுக்கு மேலே வந்து நிற்கும், அதற்கு அப்புறம்தான் முன்பட்டையை இழுக்க வேண்டும். மேல்நோக்கி இல்லாமல், அது வெளியே வரும் திசையிலேயே நேராக இழுங்கள். உங்கள் சீட்டில் இரண்டு தோள் பெல்ட்டையும் நெஞ்சில் இணைக்கும் கிளிப் (நெஞ்சுக் கிளிப்) இருந்தால் அதை அக்குள் உயரத்துக்கு நகர்த்துங்கள். கடைசியாக, தோள் எலும்புக்குப் பக்கத்தில் பெல்ட்டை மேலிருந்து கீழாக இரண்டு விரலால் கிள்ளிப் பாருங்கள். துணி மடிப்பு போல விரலுக்குள் மடிந்து வந்தால் இன்னும் தளர்வாக இருக்கிறது என்று அர்த்தம். விரல் வழுக்கிக்கொண்டு வந்தால் சரி.

இவ்வளவு செய்தும் இறுகவில்லையா? சீட்டைக் கழற்றித் திருப்பி வையுங்கள். இரண்டு தோள் பெல்ட்டும் பின்னால் ஒரு சின்ன இரும்புத் தகட்டில் கோத்திருக்கும், அந்தத் தகட்டிலிருந்துதான் ஒற்றைப் பட்டை முன்பக்கம் போகிறது. (சில சீட்டுகளில் இது மூடிக்குள் இருக்கும்.) அந்தத் தகடு ஏதாவது ஒரு விளிம்பில் இடறி நிற்கலாம், ஒரு பக்கப் பெல்ட் தகட்டிலிருந்து பாதி கழன்றிருக்கலாம், சாய்வை மாற்றும்போது பட்டை நசுங்கியிருக்கலாம், உறைத்துணி துளைக்குள் சுருண்டு போயிருக்கலாம். தளர்த்தும்போது வரும் சிக்கலும் இதே வகைதான். பெல்ட்டைத் தளர்த்தும் பொத்தானை அழுத்திக்கொண்டு ஒரு பக்கத்தை மட்டும் இழுத்தால் தகடு சாய்ந்துவிடும், பிறகு ஒரு தோள் இறுக்கமாகவும் இன்னொன்று தொளதொளவென்றும் ஆகிவிடும். நெஞ்சுக் கிளிப்புக்குக் கீழே இரண்டு பெல்ட்டையும் சேர்த்துப் பிடித்து இழுங்கள்.

முறுக்கிக்கொண்ட பெல்ட் தனிக்கதை. இறுகாததற்கும் பல நேரம் அதுதான் காரணம், விபத்து நேர்ந்தால் அகலமாகப் பரவ வேண்டிய அழுத்தம் கயிறுபோல ஒரே கோட்டில் விழுவதற்கும் அதுவே காரணம். முழுவதையும் கழற்றி மாட்ட வேண்டியதில்லை. பக்கிளுக்குள் போகும் அந்த உலோக நாக்கு பெல்ட்டில் வழுக்கி ஓடக்கூடியதாக இருந்தால், நாக்குக்குச் சற்று மேலே பெல்ட்டைக் குறுக்காக, ஒரு முக்கோணம் வருகிறமாதிரி மடியுங்கள். அந்த மடிப்பு நாக்கின் துளையைவிடக் குறுகலாக இருக்கும்படி விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு நாக்கை அதன் மேலே தள்ளி ஏற்றுங்கள். ஏறி அந்தப் பக்கம் போனதும் பெல்ட்டை விரித்துவிட்டால் முறுக்கு போயிருக்கும். முதல் தடவை இரண்டு மூன்று முறை முயல வேண்டியிருக்கும், கைப்பழக்கம் வந்துவிட்டால் அரை நிமிட வேலை.

அப்புறம், தோள் பெல்ட் வெளிவரும் துளையின் உயரம். குழந்தை பின்பக்கம் பார்த்து உட்கார்ந்தால் பெல்ட் தோளுக்குச் சமமாக அல்லது சற்றுக் கீழிருந்து வர வேண்டும். முன்பக்கம் பார்த்து உட்கார்ந்தால் தோளுக்குச் சமமாக அல்லது சற்று மேலிருந்து வர வேண்டும். இது இரண்டும் நேரெதிர், பலர் குழப்பிக்கொள்கிறார்கள். மாதம் ஒரு தடவை பார்த்தால் போதும். நேற்று வரை அமைதியாக உட்கார்ந்த குழந்தை இன்று பெல்ட் போட்டதும் சிணுங்கினால், அது வளர்ந்துவிட்டதா என்று முதலில் அங்கே பாருங்கள்.

பக்கிள் குழந்தைக்கு அடியில் போவதற்குத் தீர்வு எளிது: உட்கார வைப்பதற்கு முன்பே நடுப் பக்கிளை முன்னால் மடித்துத் தொங்கவிடுங்கள், தோள் பெல்ட் இரண்டையும் பக்கவாட்டில் வெளியே எடுத்துப் போடுங்கள். சில சீட்டுகளில் அதற்கென்றே ஓரத்தில் கொக்கியோ காந்தமோ இருக்கும்.

பக்கிள் பூட்டாமல் அடம் பிடிப்பது வேறு விஷயம். நாக்கை உள்ளே தள்ளினால் "க்ளிக்" என்ற சத்தம் தெளிவாகக் கேட்க வேண்டும். சத்தம் மந்தமாக வந்தாலோ, சிவப்புப் பொத்தான் அழுத்திய பிறகு முழுதாக எழும்பாமல் பாதியில் நின்றாலோ, கைபேசி விளக்கை அடித்து உள்ளே பாருங்கள். பிஸ்கட் தூள், காய்ந்த பால், மணல் என்று ஏதாவது இருக்கும். தலைகீழாகப் பிடித்துத் தட்டுங்கள், போகவில்லையென்றால், கையேடு அனுமதிக்கிறதா என்று பார்த்துவிட்டு, பக்கிளை மட்டும் வெதுவெதுப்பான தண்ணீரில் பிடித்துப் பொத்தானைப் பல தடவை அழுத்தி அழுத்தி விடுங்கள், நன்றாகக் காயவிட்டு மாட்டுங்கள். எண்ணெய் மட்டும் விடவே விடாதீர்கள். அந்த நேரத்துக்கு வழுவழுப்பாகத் தெரியும், அடுத்த வாரமே அது தூசியை எல்லாம் இழுத்துப் பிடித்துக்கொள்ளும். பெல்ட் துணிக்கும் இதேபோல ஒரு எச்சரிக்கை உண்டு: அதை வாஷிங் மெஷினில் போடக்கூடாது, ஊற வைக்கக்கூடாது, ப்ளீச் தொடவே கூடாது, நாரின் வலிமை போய்விடும். மென்மையான சோப்பும் ஈரத்துணியும் வைத்துத் துடைப்பதோடு சரி. கறை இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும். உறைத்துணியைத் துவைக்கலாம், ஆனால் கழற்றுவதற்கு முன் எந்தப் பட்டை எந்தத் துளைக்குள் போகிறது என்று நாலு பக்கமும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். இரவு பத்து மணிக்குத் திரும்ப மாட்டும்போது அந்தப் படங்கள்தான் கைகொடுக்கும்.

சீட்டே ஆடுகிறது என்று கவலைப்படுகிறவர்கள் பிடித்து ஆட்டும் இடம் பெரும்பாலும் தவறு. காரின் பெல்ட்டோ, ஐசோஃபிக்ஸ் கொக்கியோ (காரின் இருக்கை மடிப்பில் இருக்கும் இரும்புக் கம்பியில் சீட்டை நேரடியாக மாட்டுவது) சீட்டைப் பிடித்திருக்கும் இடத்தில் கையை வைத்து, பக்கவாட்டிலும் முன்பின்னாகவும் அசைத்துப் பாருங்கள். அங்கே 2.5 சென்டிமீட்டருக்கு மேல் நகரக் கூடாது, அதுதான் அளவு. பின்பக்கம் பார்த்த சீட்டின் தலைப்பகுதியைப் பிடித்து ஆட்டினால் அது ஆடத்தான் செய்யும், அதில் தவறில்லை. உண்மையிலேயே தளர்வாக இருந்தால், உள்ளங்கையையோ முன்னங்கையையோ சீட்டில் ஊன்றி உடம்பு எடையைக் கொடுத்துக்கொண்டே பெல்ட்டின் தொய்வை இழுங்கள். காரின் பெல்ட்டைத் திரும்ப வெளியே நழுவாதபடி பூட்டாமல் விட்டுவிட்டால் எவ்வளவு இறுக்கினாலும் இரண்டு நாளில் தளர்ந்துவிடும். பல கார்களில் பெல்ட்டை முடிவு வரை மெதுவாக வெளியே இழுத்து, பிறகு உள்ளே விட்டால் "டிக் டிக் டிக்" என்று பூட்டிக்கொண்டே போகும். சில கார்களில் அந்த வசதி இருக்காது, அப்போது சீட்டிலேயே பெல்ட்டைப் பிடித்து நிறுத்தும் பூட்டு இருக்கிறதா தேடுங்கள். பாதி இழுக்கும்போதே பெல்ட் நின்றுவிடுகிறதா? வண்டி சரிவில் நிற்கலாம், அல்லது நீங்கள் வெடுக்கென்று இழுத்திருக்கலாம். முழுதாக உள்ளே போகவிட்டு மெதுவாக இழுங்கள்.

ஐசோஃபிக்ஸ் என்றால் இரண்டு கொக்கியிலும் பச்சை அடையாளம் வந்திருக்கிறதா என்று பாருங்கள், ஒரு பக்கம் மட்டும் வந்தால் போதாது. சீட்டுக்குக் காரின் தரையில் ஊன்றும் கால் இருந்தால் அது தரையை அழுத்தி நிற்க வேண்டும், அந்த இடத்தில் தரைக்கு அடியில் பொருள் வைக்கும் பெட்டி இருந்தால் கார் கையேட்டைப் பார்க்காமல் ஊன்றாதீர்கள். முன்பக்கம் பார்த்த சீட்டின் மேல்பகுதியிலிருந்து காரோடு மாட்டும் கொக்கிப் பட்டை இருந்தால் அதை மாட்டாமல் விடாதீர்கள், மோதலில் குழந்தையின் தலை முன்னால் பாய்வதைக் குறைப்பது அதுதான். "இரண்டும் போட்டால் இரட்டைப் பாதுகாப்பு" என்று ஐசோஃபிக்ஸையும் காரின் பெல்ட்டையும் சேர்த்து மாட்டுகிறவர்களும் உண்டு. கையேடு அப்படிச் சொன்னால் மட்டுமே செய்யுங்கள். முன்னிருக்கையில் ஏர்பேக் வேலை செய்யும் நிலையில் இருந்தால், பின்பக்கம் பார்த்த சீட்டை அங்கே எந்தக் காரணத்துக்காகவும் வைக்காதீர்கள்.

தூங்கும் குழந்தையின் தலை முன்னால் தொங்குவதைப் பார்த்தால் எந்தப் பெற்றோருக்கும் பதறும். பதற வேண்டியதுதான், ஏனென்றால் சின்னக் குழந்தையின் தாடை நெஞ்சில் முட்டினால் மூச்சுக்குழாய் மடிந்து அடைபடலாம். இதற்குக் கழுத்துத் தலையணை வாங்காதீர்கள், சீட்டோடு வராத எதையும் குழந்தைக்கும் பெல்ட்டுக்கும் நடுவில் வைக்கக்கூடாது. பிரச்சினை பெரும்பாலும் சாய்வில் இருக்கும். சீட்டின் ஓரத்தில் சாய்வைக் காட்டும் ஒரு கோடோ குமிழோ இருக்கும், வண்டியைச் சமதரையில் நிறுத்திவிட்டு அதைப் பாருங்கள். சரிவில் நிறுத்திப் பார்த்தால் அது பொய் சொல்லும். சீட்டின் சாய்வை மாற்றியும் போதவில்லையென்றால், கையேடு அனுமதித்தால், இறுக்கிச் சுருட்டிய துண்டு ஒன்றைச் சீட்டின் அடியில், காரின் இருக்கையும் முதுகும் சேரும் மடிப்பில் வைக்கலாம். நீண்ட பயணத்தில் 2 மணி நேரத்துக்கு ஒரு தடவையாவது நிறுத்திக் குழந்தையை வெளியே எடுங்கள், பிறந்து சில வாரமே ஆன குழந்தை என்றால் அதற்கும் முன்பே. வீட்டுக்கு வந்ததும், எழுந்துவிடுமே என்று அப்படியே சீட்டோடு தூக்கி வைத்துத் தூங்க விடாதீர்கள். எடுத்துப் படுக்கையில் மல்லாக்கப் போடுங்கள், எழுந்தாலும் பரவாயில்லை.

"கால் மடங்குது, பாவம், முன்பக்கம் திருப்பிடலாமா" என்ற கேள்வி ஒரு வயது தாண்டியதும் எல்லா வீட்டிலும் வரும். கால் மடங்குவது குழந்தைகளுக்குத் தொல்லையே இல்லை, அவர்கள் தரையில் உட்காருவதைக் கவனியுங்கள். திருப்பும் நேரத்தைச் சீட்டின் எடை, உயர வரம்புதான் முடிவு செய்ய வேண்டும். குழந்தைகளின் கார் சீட்டுகளுக்காக 2013-இல் வந்த ஐ.நா. விதி 129-இன்படி தயாரான சீட்டுகளில் 15 மாதத்துக்கு முன் திருப்பவே கூடாது, அதுகூடக் குறைந்தபட்சம்தான். உடம்போடு ஒப்பிட்டால் குழந்தையின் தலை பெரிது, கழுத்து பலவீனம். நேருக்கு நேர் மோதும்போது பின்பக்கம் பார்த்த சீட் தலையையும் கழுத்தையும் முதுகையும் சேர்த்துத் தாங்கிக்கொள்கிறது. வரம்பு எட்டும் வரை திருப்பாதீர்கள், இதில் நான் பிடிவாதமாகவே இருப்பேன்.

இனி அழுகை. என் மகளுக்கு ஒன்பது மாதம் இருந்தபோது தினமும் மாலை கிளம்பி ஐந்தாவது நிமிடத்தில் அழத் தொடங்குவாள். பசி, தூக்கம், பெல்ட் என்று எல்லாம் பார்த்தாயிற்று. ஒரு நாள் என் மனைவி வண்டி ஓட்ட, நான் பின்னால் உட்கார்ந்து, அவள் தலை இருக்கும் உயரத்துக்கு என் தலையைத் தாழ்த்திப் பார்த்தேன். ஒரு திருப்பத்தில் வண்டி திரும்பியதும் பக்கக் கண்ணாடி வழியாக வெயில் நேராக முகத்தில் அடித்தது, கண்ணைத் திறக்க முடியவில்லை. அவள் அங்கிருந்து கடைசி வரை அந்த வெயிலோடுதான் வந்திருக்கிறாள். கண்ணாடியில் ஒட்டும் வலைத்திரை ஒன்று போட்டதும் அழுகை நின்றது. அதனால் உங்களுக்கும் சொல்கிறேன், ஒரு தடவை அந்த உயரத்தில் உட்கார்ந்து போய்ப் பாருங்கள்.

வெயிலில் நின்ற காரில் பக்கிளின் உலோகம் தோலைச் சுடும் அளவுக்குச் சூடாகும், வண்டியை நிறுத்திவிட்டுப் போகும்போது சீட்டின் மேல் வெளிர்நிறத் துணி ஒன்றை மூடிவிட்டுப் போங்கள், உட்கார வைக்கும் முன் தொட்டுப் பாருங்கள். மூடிய காருக்குள் 10 நிமிடத்தில் வெப்பம் ஏறக்குறைய 11 டிகிரி செல்சியஸ் உயர்ந்துவிடும். குழந்தையின் உடம்பு பெரியவர்களைவிட 3 முதல் 5 மடங்கு வேகமாகச் சூடேறும். தூங்குகிறதே என்று ஒரு நிமிடம்கூட விட்டுப் போகாதீர்கள். குளிர்காலத்தில் இதற்கு நேரெதிர்த் தொல்லை: பஞ்சு வைத்த தடித்த ஜாக்கெட்டின் மேல் பெல்ட் போட்டால் இறுக்கமாகத் தெரியும், மோதலில் பஞ்சு நசுங்கிப் பெல்ட் தொளதொளவென்று ஆகிவிடும். ஜாக்கெட்டைக் கழற்றிப் பெல்ட் போட்டுவிட்டு அதன் மேல் போர்வையைப் போர்த்துங்கள்.

வில்லாக வளையும் குழந்தையிடம் பலத்தைக் காட்டினால் அது இன்னும் வளையும். வயிற்றிலோ தொடையிலோ லேசாகக் கிச்சுகிச்சு மூட்டினால் உடம்பு தானாக மடியும், அந்த நொடியில் பின்புறத்தை உள்ளே அழுத்தி முதலில் நடுப் பக்கிளைப் பூட்டிவிடுங்கள். கையை வெளியே எடுக்கப் பழகிவிட்ட பெரிய குழந்தை என்றால், முதலில் பெல்ட் இறுக்கத்தையும் கிளிப் உயரத்தையும் பாருங்கள், பெரும்பாலும் தளர்வுதான் வழி கொடுத்திருக்கும். எல்லாம் சரியாக இருந்தும் எடுத்தால், ஒவ்வொரு தடவையும் பாதுகாப்பான இடத்தில் வண்டியை ஓரம் கட்டி, கோபப்படாமல், திரும்பப் போட்டுவிட்டுத்தான் நகர வேண்டும். நாலைந்து நாள் அலுப்பாக இருக்கும், பெல்ட் இல்லாமல் வண்டி நகராது என்பது அதற்குப் புரியும் வரைதான்.

இதில் எதுவும் உதவவில்லையென்றால் சீட்டின் அடியிலோ முதுகிலோ இருக்கும் தேதியைப் பாருங்கள், காலாவதி ஆண்டு அச்சிட்டிருந்தால் அதைத் தாண்டிய சீட்டோடு போராட வேண்டாம். மோசமான விபத்தைப் பார்த்த சீட்டும், பழைய கதை தெரியாமல் கைமாறி வந்த சீட்டும் அப்படித்தான். கையேடு தொலைந்திருந்தால் மாடல் எண்ணைக் கொடுத்துத் தயாரிப்பாளரின் தளத்தில் எடுத்துக்கொள்ளலாம். கையில் இருக்கிறது என்றால் அலமாரியில் வைக்காதீர்கள், சீட்டின் பின்னாலோ அடியிலோ அதற்கென ஒரு இடுக்கு இருக்கும், அங்கேயே செருகி வையுங்கள்.