லினக்ஸ் அறிமுக நிகழ்வுக்கு நான்கு பென்டிரைவ் போதும்

திறந்த மூல மென்பொருள் அறிமுக நிகழ்வில் வந்தவர்களை அங்கேயே லினக்ஸ் இயங்குதளத்தின் ஐஎஸ்ஓ கோப்பைப் (நிறுவலுக்குத் தேவையானதெல்லாம் அடங்கிய ஒரே கோப்பு) பதிவிறக்கச் சொல்லாதீர்கள். முந்தின நாளே 32 ஜிபி பென்டிரைவ் நான்கில் வென்டாய் (Ventoy, ஒரே டிரைவிலிருந்து பல ஐஎஸ்ஓக்களை இயக்க உதவும் கருவி) நிறுவி, உபுண்டு, மின்ட், டெபியன் ஆகிய லினக்ஸ் வகைகளின் ஐஎஸ்ஓக்களை அப்படியே நகலெடுத்து வையுங்கள். (வென்டாய் நிறுவும்போது டிரைவில் இருப்பதெல்லாம் அழிந்துவிடும்.)

அங்கேயே பதிவிறக்கினால் ஆளுக்கு 5 ஜிபி என்றாலும் 30 பேருக்கு 150 ஜிபி. எந்த அரங்கின் வைஃபையும் தாங்காது. வென்டாய் இருந்தால் ஒவ்வொரு லினக்ஸுக்கும் தனித்தனியாக டிரைவை எழுத வேண்டாம், டிரைவிலிருந்து கணினி பூட் ஆகும்போது பட்டியலில் தேர்ந்தெடுக்கலாம். நகலெடுத்ததும் எஸ்எச்ஏ256 சரிபார்ப்பை (கோப்பு மாறாமல் முழுதாக வந்ததா என்று பார்க்கும் சோதனை) டிரைவில் உள்ள கோப்பிலேயே செய்யுங்கள். நிறுவல் பாதியில் நிற்பதற்கு அரைகுறை நகலும் ஒரு காரணம்.

செக்யூர் பூட் (நம்பகமான மென்பொருளை மட்டும் பூட் ஆகவிடும் பாதுகாப்பு) உள்ள கணினியில் முதல் முறை பிழைத்திரை வரலாம். அங்கேயே வென்டாயின் சாவியைப் பதிவு செய்யலாம். செக்யூர் பூட்டை அணைத்தே ஆக வேண்டுமென்றால் கவனம்: பிட்லாக்கர் (விண்டோஸின் வட்டுக் குறியாக்கம்) இருந்தால் அடுத்த முறை விண்டோஸ் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கலாம். அதை எடுத்துவரும்படி அழைப்பிலேயே எழுதிவிடுங்கள்.

ஆப்பிள் எம் வரிசை மேக்குகளில் இந்த வழி எடுபடாது. அவற்றைக் கொண்டுவருபவர்களுக்கு மெய்நிகர் கணினிதான் (மேக்கிற்குள்ளேயே மென்பொருளாக இயங்கும் கணினி) சரி, அதுவும் அந்தச் சிப்புகளின் வகையான ஏஆர்எம்முக்கான ஐஎஸ்ஓவோடு.