முதலில் கணக்கு ஷீட், கடைசியில் லினக்ஸ்: கட்டற்ற மென்பொருளுக்கு மாறும் வழி

கட்டற்ற மென்பொருள் என்று பேச்செடுத்ததும் "லினக்ஸ் போடச் சொல்றீங்களா?" என்றுதான் கேட்பார்கள். விண்டோஸுக்குப் பதிலாகக் கம்ப்யூட்டரை இயக்கும் கட்டற்ற இயங்குதளம்தான் லினக்ஸ், அதைக் கடைசிக்கு வைத்துக்கொள்வோம். நீங்கள் தினமும் திறக்கும் ஃபைல் புது மென்பொருளில் ஒழுங்காகத் திறக்கிறதா என்று பார்ப்பதுதான் முதல் வேலை. எடுத்த எடுப்பில் விண்டோஸை அழித்துவிட்டு, மறுநாள் கொலுசுப் பட்டறைக் கணக்கு திறக்காமல் நின்றால், அந்த வீட்டில் லினக்ஸ் பேச்சு அதோடு முடிந்தது.

எதற்காக மாற வேண்டும்? செகண்ட்ஸில் வாங்கும் கம்ப்யூட்டர்களில் ஆபிஸ், போட்டோஷாப் எல்லாம் பெரும்பாலும் கிராக் செய்தே, அதாவது காசு கட்டாமல் பூட்டை உடைத்தே வருகின்றன. கிராக் செய்ய ஓர் ஆக்டிவேட்டரை ஓட்ட வேண்டும். அது ஓடுவதற்கு ஆன்டிவைரஸை நிறுத்தச் சொல்லும். யார் எழுதியது என்றே தெரியாத அந்தப் புரோகிராம் உட்கார்ந்திருக்கும் கம்ப்யூட்டரில்தான் பேங்க் பாஸ்வேர்டையும் அடிக்கிறோம். காசு மிச்சமாவதைவிட, இந்த ஆபத்திலிருந்து வெளியே வருவதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. கட்டற்ற மென்பொருளின் மூல நிரல் எல்லோர் பார்வைக்கும் இருக்கிறது. எந்த வேலைக்கும் பயன்படுத்தலாம், படிக்கலாம், திருத்தலாம், நகல் எடுத்துக் கொடுக்கலாம் என்று உரிமத்திலேயே எழுதியிருக்கிறது. கட்டற்ற இயங்குதளம் ஒன்றை உருவாக்க 1983-ல் ரிச்சர்ட் ஸ்டால்மன் என்ற அமெரிக்க நிரலாளர் அறிவித்த குனு திட்டத்தில் தொடங்கிய வழி இது.

படி 1: நகல் எடுங்கள்

டாக்குமென்ட்ஸ், டெஸ்க்டாப் இரண்டையும் முழுசாக ஒரு பென்டிரைவில் காப்பி செய்துவிடுங்கள். இனி செய்யும் சோதனை எல்லாம் நகலில்தான்.

படி 2: லிப்ரேஆபிஸ்

வேர்டு, எக்செல், பவர்பாயின்ட் வேலைகளுக்கு மாற்று இது. 2010-ல் ஓபன்ஆபிஸிலிருந்து பிரிந்து வந்தது. தி டாகுமென்ட் பவுண்டேஷன் என்ற லாப நோக்கமற்ற அமைப்பு பராமரிக்கிறது. தேடும்போது விளம்பர லிங்க்குகளைத் தொடாமல், லிப்ரேஆபிஸ் டாட் ஆர்க் என்ற அவர்களுடைய தளத்திலிருந்தே இறக்குங்கள். நூற்றுக்கணக்கான எம்பி போகும். ஏற்காட்டில் மலைமேல் சிக்னல் ஒழுங்காக இல்லாத எஸ்டேட்டில் இருந்தால், கீழே சேலத்துக்கு வரும்போது பென்டிரைவில் ஏற்றிக்கொண்டு போங்கள். அதே பென்டிரைவிலிருந்து பக்கத்து வீட்டுக் கம்ப்யூட்டரிலும் போடலாம், அதற்கு உரிமம் இடம் கொடுக்கிறது. உதவிப் பக்கங்கள் தனி ஃபைலாகக் கிடைக்கின்றன. மலையில் இருப்பவர்கள் அதையும் சேர்த்து இறக்கிக்கொள்வது நல்லது, நெட் இல்லாமலே படிக்கலாம்.

நிறுவியதும் மெனு பழைய காலத்து ஆபிஸ் மாதிரி இருக்கும், பலர் இதைப் பார்த்துத்தான் மிரள்கிறார்கள். வியூ மெனுவில் யூசர் இன்டர்ஃபேஸுக்குப் போய் 'டேப்டு' என்பதைத் தேர்ந்தெடுங்கள். கை பழகிய தோற்றத்துக்குக் கிட்டத்தட்ட வந்துவிடும்.

இப்போது கணக்கு ஷீட்டைத் திறப்போம். சேலம் செவ்வாப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை ஒன்றின் ஷீட் என்று வையுங்கள்: எடை, டச் (நூற்றுக்கு எத்தனை பங்கு சுத்த வெள்ளி என்பது), சுத்த வெள்ளி, கூலி என்று நாலு காலம். எடை 250 கிராம், டச் 80 என்றால் சுத்த வெள்ளி 200 கிராம் என்று வர வேண்டும். வந்திருக்கிறதா? எடையை 300 ஆக மாற்றுங்கள், 240 என்று உடனே மாறினால் ஃபார்முலா உயிரோடு இருக்கிறது. கடைசி வரியின் கூட்டுத்தொகையையும் பழைய பிரின்ட்டோடு ஒப்பிடுங்கள். கூட்டல், பெருக்கல், பெர்சன்டேஜ் எல்லாம் சிக்கலில்லாமல் வரும். சிக்கல் மேக்ரோவில்தான், அதாவது ஷீட்டுக்குள் எழுதிவைத்த குட்டிப் புரோகிராமில். ஷீட்டில் பட்டனை அழுத்தினால் பில் தயாராகிற மாதிரி யாராவது எழுதிக் கொடுத்திருந்தால், அது அப்படியே ஓடும் என்று நம்பி இறங்காதீர்கள்.

சேமிக்கும்போது லிப்ரேஆபிஸ் தன்னுடைய ஓடிஎஃப் வடிவத்தைச் சொல்லும். அது 2006-லேயே ஐஎஸ்ஓ என்ற சர்வதேசத் தர அமைப்பின் தரமாக ஏற்கப்பட்டது, எந்த ஒரு கம்பெனியின் பிடியிலும் இல்லை. உங்கள் சொந்தக் கணக்குக்கு அதையே வையுங்கள். ஆடிட்டருக்கு அனுப்புவதை மட்டும் எக்செல் வடிவத்தில் சேமித்தால் போதும்.

படி 3: தமிழ் எழுத்து

நம் ஊரில் மாறுகிறவர்கள் உண்மையில் தடுக்கி விழும் இடம் இதுதான். பழைய நோட்டீஸ், பத்திரிகை, சங்கத் தீர்மானம் எல்லாம் பாமினி, வானவில் போன்ற எழுத்துருக்களில் அடித்தவை. அந்த ஃபைலுக்குள் இருப்பது ஆங்கில எழுத்துகளும் குறிகளும்தான், எழுத்துரு அவற்றுக்குத் தமிழ் வடிவம் கொடுக்கிறது. எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால் வெறும் ஆங்கிலக் குப்பையாகத் தெரியும். ஃபைல் கெட்டுவிட்டது என்று நினைத்து அழித்துவிடாதீர்கள். பழைய கம்ப்யூட்டரில் ஃபான்ட்ஸ் ஃபோல்டரிலிருந்து அந்த எழுத்துருவை எடுத்து இங்கே நிறுவினால் மறுபடி தமிழ் தெரியும்.

இனிமேல் அடிப்பதை யூனிகோடில் அடியுங்கள், அதில் ஒவ்வொரு தமிழ் எழுத்துக்கும் எல்லாக் கம்ப்யூட்டருக்கும் பொதுவான குறியீடு இருக்கிறது. தமிழ்நாடு அரசு 2010-லேயே யூனிகோடைத் தரமாக ஏற்றுக்கொண்டது. விண்டோஸ் செட்டிங்ஸில் மொழிப் பகுதியில் தமிழைச் சேர்த்து, கீபோர்டில் தமிழ்99 என்ற விசைப்பலகை அமைப்பை எடுத்துக்கொள்ளுங்கள். விண்டோஸ் கீயோடு ஸ்பேஸ் பாரை அழுத்தினால் தமிழும் ஆங்கிலமும் மாறும். அம்மாப்பேட்டை வேட்டிக்கு லேபிள் அடித்தாலும், ஏற்காட்டு காபிப்பொடிக்கு விலைப்பட்டியல் அடித்தாலும் யூனிகோடில் இருந்தால் அப்படியே வாட்ஸ்அப்பில் ஒட்டலாம்.

படி 4: மற்றவை

படம் பார்க்க விஎல்சி, இணையத்துக்கு பயர்பாக்ஸ், போட்டோ திருத்த கிம்ப், லேபிள், லோகோ வரைய இங்க்ஸ்கேப். எல்லாமே விண்டோஸில் ஓடும். கிம்ப் பழக நாளாகும். போட்டோ அளவைக் குறைக்க மட்டும்தான் தேவை என்றால் அதற்கு மெனக்கெட வேண்டாம்.

படி 5: லினக்ஸ், ஆனால் நிறுவாமல்

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி இல்லாத பழைய கம்ப்யூட்டர்களை விண்டோஸ் 11 ஏற்பதில்லை. நன்றாக ஓடும் பெட்டியைக் காயலான் கடைக்குப் போடுமுன், லினக்ஸ் வகைகளில் ஒன்றான லினக்ஸ் மின்ட்டைப் பார்த்துவிடுங்கள். ரேம் 4 ஜிபிதான் என்றால் அதன் இலகுவான எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு நல்லது.

8 ஜிபி பென்டிரைவ் ஒன்று வேண்டும். அதில் உள்ளதெல்லாம் அழிந்துவிடும், அதனால் படி 1-ல் நகல் எடுத்ததை இதற்குத் தொடாதீர்கள். மின்ட் தளத்திலிருந்து ஐஎஸ்ஓ ஃபைலை (முழு மின்ட்டும் அடங்கிய ஒரே ஃபைல்) இறக்கி, ரூஃபஸ் என்ற சின்னக் கருவியால் பென்டிரைவில் எழுதுங்கள். கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்து, லோகோ தெரியும்போதே, எதிலிருந்து கம்ப்யூட்டர் தொடங்க வேண்டும் என்று கேட்கும் பூட் மெனுவுக்கான கீயைத் தட்டுங்கள். டெல், லெனோவாவில் பெரும்பாலும் எஃப்12, எச்பியில் எஃப்9. பென்டிரைவைத் தேர்ந்தெடுத்தால் டெஸ்க்டாப் வந்துவிடும். 'இன்ஸ்டால்' ஐகானை மட்டும் அழுத்தாதீர்கள், ஹார்டு டிஸ்க் அப்படியே இருக்கும்.

வைஃபை பிடிக்கிறதா, சத்தம் வருகிறதா, பிரிண்டரில் ஒரு பக்கம் வருகிறதா என்று பாருங்கள். லிப்ரேஆபிஸ் அதிலேயே இருக்கிறது, பட்டறை ஷீட்டின் நகலை அங்கேயும் திறந்து பாருங்கள். பழைய லேசர் பிரிண்டர்கள் சில லினக்ஸில் முரண்டு பிடிக்கும். பிரிண்டர் வராவிட்டாலோ, கணக்கு முழுக்க டேலியில் இருந்தாலோ அந்தக் கம்ப்யூட்டரில் விண்டோஸே இருக்கட்டும், முதல் நாலு படியும் அங்கேயே நடக்கும். டேலி என்ற கணக்கு மென்பொருள் விண்டோஸுக்கென்று எழுதியது. பிள்ளைகள் படிக்கும் லேப்டாப்பிலோ சும்மா கிடக்கும் பழைய பெட்டியிலோ மின்ட்டைத் தாராளமாக நிறுவுங்கள். நிறுவாமல் சோதித்து மட்டும் பார்த்த கம்ப்யூட்டரில், பென்டிரைவை உருவிவிட்டு ரீஸ்டார்ட் செய்தால் விண்டோஸ் பழையபடி வரும்.