அரசி மார்கரெட்டைப் பற்றிப் பேசும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

தோற்றுப்போன யார்க் கோமகனின் தலையில் காகிதக் கிரீடத்தை வைத்துக் கேலி செய்யும் அரசி. இங்கிலாந்து மன்னர் ஆறாம் ஹென்றியின் மனைவி மார்கரெட் என்றதும் பலருக்கு மனதில் வருவது இந்தக் காட்சிதான். இது ஷேக்ஸ்பியர் நாடகத்தில் வருவது. மன்னரின் உறவினரும் அரியணைக்குப் போட்டியாளருமான யார்க், 1460 டிசம்பர் 30 அன்று வேக்ஃபீல்டு போரில் கொல்லப்பட்டபோது மார்கரெட் அந்தப் பக்கமே இல்லை. ஸ்காட்லாந்தில் உதவி தேடிக்கொண்டிருந்தார். ‘பிரான்சின் பெண் ஓநாய்’ என்ற வசவும் அதே நாடகத்தில் உள்ளதுதான். நாடகத்தை வரலாறாக எடுத்துக்கொண்டால் மற்ற எல்லாமே கோணலாகிவிடும்.

அடுத்த தவறு, வந்த நாளிலிருந்தே அவர் பதவி ஆசை பிடித்து அலைந்தார் என்று எழுதுவது. 1445இல் மணமாகி வந்தபோது அவருக்கு வயது 15. சீதனம் என்று பெரிதாக எதுவும் கொண்டுவராத பிரெஞ்சுப் பெண் என்ற முணுமுணுப்பு அப்போதே இருந்தது. ஆனால் முதல் எட்டு ஆண்டுகளில் அவர் செய்தது, தன்னை அண்டியவர்களுக்காகச் சிபாரிசுக் கடிதங்கள் எழுதியதும், 1448இல் கேம்பிரிட்ஜில் குவீன்ஸ் கல்லூரியை நிறுவியதும் போன்ற வேலைகள்தான்.

திருப்பம் 1453இல். ஆகஸ்டில் மன்னருக்குச் சித்தம் கலங்கியது. பேச்சில்லை, ஆளைத் தெரியவில்லை. அக்டோபரில் ஒரே மகன் எட்வர்ட் பிறந்தான். பெற்ற பிள்ளையைக் காட்டியபோதும் தகப்பனிடம் அசைவில்லை. 1454 தொடக்கத்தில், ஆட்சிப் பொறுப்பைத் தன்னிடமே தரவேண்டும் என்று மார்கரெட் கேட்டார். பிரபுக்களோ அதை யார்க்கிடம் கொடுத்தார்கள். 1460இல் மன்னரே மகனை ஒதுக்கிவிட்டு யார்க்கை வாரிசாக ஏற்றார். இந்த இரண்டையும் சொல்லாமல் அவருடைய பேராசையை மட்டும் சொன்னால், தாயை மறைத்துவிட்டு அரசியைக் காட்டுவதாக ஆகும். எனக்கு இது பெரிய அநியாயமாகப் படுகிறது.

பிரான்சில் இங்கிலாந்தின் கையிலிருந்த மேன் பகுதி பிரான்சிடம் போன பழியையும் அவர் ஒருவர் மேல் போடுகிறார்கள். விட்டுத்தருவதாக 1445இல் வாக்குக் கொடுத்தவர் மன்னர். மார்கரெட்டும் அதற்குப் பரிந்து கடிதம் எழுதினார், அதை மறுக்க முடியாது. ஆனால் முடிவு அவர் கையில் இல்லை.

சரி, அதற்காக அவரை அப்பாவியாக்கிவிடவும் கூடாது. 1461இல் யார்க் தரப்புக்கு எதிரான போரில் அவருடைய வடக்குப் படை வழியெல்லாம் சூறையாடிக்கொண்டு வந்தது. அந்தப் பயத்தில்தான் லண்டன் கதவைத் திறக்கவில்லை. அதே ஆண்டு, உதவிக்கு ஈடாக எல்லையிலுள்ள பெரிக் நகரத்தை ஸ்காட்லாந்துக்குக் கொடுத்தார். மக்களின் வெறுப்புக்கு இப்படி உண்மையான காரணங்களும் உண்டு.

அப்புறம், கதையை 1471இல் ட்யூக்ஸ்பரியில் முடித்துவிடாதீர்கள். அங்கே நடந்த போரில் மகன் இறந்தான், சில நாட்களில் லண்டன் கோபுரத்தில் கணவரும் இறந்தார். மார்கரெட் இன்னும் 11 ஆண்டுகள் இருந்தார். தோற்றுச் சிறைப்பட்டிருந்த அவரை 1475இல் பிரெஞ்சு மன்னர் பணம் கட்டி மீட்டார். பதிலுக்குத் தன் குடும்பச் சொத்துரிமையை மார்கரெட் எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. 1482 ஆகஸ்டில் இறப்பதற்குச் சில வாரங்கள் முன்பு எழுதிய உயிலில், மிஞ்சியிருக்கும் கொஞ்சத்தை அடக்கச் செலவுக்கும் கடனுக்கும் எடுத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்.