எண் மாறினாலும் முகவரி மாறாது: சொந்த டொமைனில் ஒரு தொடர்புப் பக்கம்

ஐந்நூறு விசிட்டிங் கார்டு அச்சடித்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை, கைபேசி எண்ணை மாற்ற வேண்டியதாயிற்று. கையிருந்த கார்டுகளில் பழைய எண்ணை அடித்துப் புதியதை எழுதிக் கொடுத்தேன். ஏற்கெனவே வாங்கிச் சென்றவர்களுக்கு என்ன வழி? அன்றிலிருந்து என் கார்டில் எண் கிடையாது. என் டொமைன் பெயரும் (எனக்கென வாங்கிய இணைய முகவரி), அதைத் திறக்கும் கியூஆர் கோடும் மட்டுமே. எண் அந்த முகவரியில் உள்ள பக்கத்தில் இருக்கிறது; மாறினால் அங்கே திருத்தினால் போதும்.

டொமைன் வாங்குவது எளிது. முதல் ஆண்டு விலையைப் பார்த்து மயங்காமல், புதுப்பிக்கும் கட்டணத்தைப் பார்த்து வாங்குங்கள். தானாகப் புதுப்பிக்கும் வசதியை அன்றே இயக்கிவிடுங்கள்.

பக்கத்தை வைக்க நான் பரிந்துரைப்பது கிட்ஹப் பேஜஸ், அதாவது கிட்ஹப் தளத்தில் ஏற்றும் கோப்புகளை இணையப் பக்கமாகக் காட்டும் சேவை. செலவில்லை. அங்கே ஒரு களஞ்சியம் (கோப்புகளை வைக்கும் இடம், ரெப்பாசிட்டரி) தொடங்கி, அதில் இன்டெக்ஸ் என்ற பெயரில் ஒரே ஒரு எச்டிஎம்எல் கோப்பைப் (index.html) போட்டால் போதும். பெயர், தொழில், எண், மின்னஞ்சல், அடியில் கடைசியாகத் திருத்திய தேதி. அந்தத் தேதியை விட்டுவிடாதீர்கள். எண் இன்னும் புழக்கத்தில் இருக்கிறது என்ற நம்பிக்கையைத் தருவது அதுதான். எண்ணை +91 சேர்த்தே எழுதுங்கள், வெளிநாட்டிலிருந்து தொட்டாலும் அழைப்பு போகும்.

அடுத்து கிட்ஹப் அமைப்புகளில் உங்கள் டொமைனைக் குறிப்பிட்டுவிட்டு, டொமைன் விற்றவரின் தளத்தில் டி.என்.எஸ். பகுதிக்குப் போங்கள். டொமைன் பெயரைத் தட்டினால் எந்தக் கணினிக்குப் போக வேண்டும் என்று சொல்லும் பட்டியல் அது; அதில் அந்தக் கணினியின் எண் முகவரியைத் தரும் வரிதான் ‘ஏ’ பதிவு. இங்கேதான் எனக்கு இரண்டு நாள் போயிற்று. கிட்ஹப் தரும் நான்கு ‘ஏ’ பதிவுகளையும் (185.199.108.153 முதல் 185.199.111.153 வரை, மூன்றாவது எண் மட்டும் 108, 109, 110, 111 என மாறும்) சரியாகத்தான் சேர்த்திருந்தேன். ஆனால் ஒரு முறை திறந்தால் என் பக்கம் வரும், மறுமுறை விற்றவரின் விளம்பரப் பக்கம் வரும். பாதுகாப்பான (எச்டிடிபிஎஸ்) இணைப்புக்குத் தேவையான சான்றிதழும் கிடைக்கவில்லை. பட்டியலை வரிவரியாகப் படித்தபோதுதான் தெரிந்தது: டொமைன் வாங்கிய அன்று விற்றவரே போட்டுவைத்த ஐந்தாவது ‘ஏ’ பதிவு ஒன்று மேலே இருந்தது. உலாவி ஐந்தில் எதை வேண்டுமானாலும் பிடித்துக்கொள்ளும். அந்த ஒரு வரியை நீக்கினேன். ஒரு மணி நேரத்தில் எல்லாம் சரியாகிவிட்டது. ஆகவே புதியதைச் சேர்க்கும் முன் பழையதை நீக்குங்கள். பிறகு கிட்ஹப் அமைப்புகளில் எச்டிடிபிஎஸ் கட்டாயம் (Enforce HTTPS) என்ற பெட்டியை டிக் செய்யுங்கள். அந்தப் பெட்டி டிக் செய்யும் நிலைக்கு வர ஒரு நாள்வரை ஆகலாம்.

இனி, தொட்டவுடன் கைபேசியில் சேமிக்க ஒரு வி-கார்டு கோப்பு (பெயர், எண் போன்ற தொடர்பு விவரங்களை வைக்கும் கோப்பு). அதை உருவாக்கி அதே களஞ்சியத்தில் ஏற்றி, பக்கத்திலிருந்து இணைப்புக் கொடுங்கள். அந்தக் கோப்பில் ‘இணையதளம்’ என்ற இடத்தில் உங்கள் டொமைனை மறவாமல் எழுதுங்கள். ஒருவர் சேமித்த எண் தானாக மாறப் போவதில்லை. நாளை அழைப்பு போகாதபோது அவர் பார்ப்பதற்கு அந்த முகவரி அங்கே இருக்க வேண்டும்.

கியூஆர் கோடில் டொமைனை மட்டும் நேரடியாக வையுங்கள். இடையில் சந்தாச் சேவை எதுவும் வேண்டாம். சந்தா நின்றால் அச்சடித்த கார்டும் செத்துவிடும்.

பின்சேர்க்கை: வி-கார்டில் தமிழில் எழுதிய பெயர், சேமிக்கும்போது சமக்குறியும் எண்ணுமாகச் சிதறுவதாக ஒரு வாசகர் எழுதியிருந்தார். அவர் கோப்பு பழைய 2.1 வடிவில் இருந்தது. அதில் ‘க’ என்ற ஓரெழுத்துகூட மூன்று துண்டுக் குறியீடாக எழுதப்பட்டிருக்கும். எல்லாச் செயலிகளும் அதைச் சரியாகப் படிப்பதில்லை. கணினியில் கூகுள் கான்டாக்ட்ஸைத் திறந்து, அங்கிருந்து வி-கார்டாக ஏற்றுமதி செய்யச் சொன்னேன். அது 3.0 வடிவம்; தமிழ் தமிழாகவே இருந்தது.

இன்னொருவர், எண்ணைத் திருத்திய பிறகும் பழையதே தெரிவதாகக் கேட்டார். கிட்ஹப் பக்கங்கள் பத்து நிமிடம் தற்காலிக நினைவில் தங்கும், சற்றுப் பொறுத்துப் பாருங்கள். ஆனால் இலவசக் கணக்கில் பேஜஸ் வேண்டுமானால் களஞ்சியம் எல்லோருக்கும் திறந்தே இருக்க வேண்டும். நீங்கள் அழித்த பழைய எண்ணும் அதன் வரலாற்றில் கிடைக்கும். அதனால் வீட்டு முகவரியை அதில் ஒரு நாளுக்குக்கூட ஏற்றாதீர்கள்.